அத்தை தோளில் இருந்தது யார்

ஜூன் 4

தம்பிக்கு,

போனில் பேசினால் நாம் எங்கே போய் நிற்போம் என்று போன மாதமே தெரிந்துவிட்டது. 'உனக்குக் கப்பல்தான் சொந்தம்' என்று நான் சொன்னதும், 'உனக்கு மூக்குக்கண்ணாடிதான் சொந்தம்' என்று நீ சொன்னதும், நான் பட்டென்று வைத்ததும் போதும். அத்தை இறந்த அன்று மாலைக்குள்ளேயே எடுத்துவிட்டார்கள். நீ பறந்து வந்திருந்தாலும் முகத்தைப் பார்த்திருக்க முடியாது. அது எனக்கும் தெரியும். கோபம் யார் மேலாவது போக வேண்டியிருந்தது, நீ கிடைத்தாய். இனிமேல் எழுதுகிறேன். எழுதும்போது நீ குறுக்கே பேச முடியாது, அது ஒரு வசதி.

காலையில் சாப்பிட்டாள், ரேடியோவைப் போட்டுக்கொண்டு படுத்தாள், எழுந்திருக்கவில்லை. அவ்வளவுதான். யாருக்கும் தொந்தரவு கொடுக்காமல் போய்ச் சேர்ந்தாள் என்று வருகிறவர்கள் எல்லாம் சொல்கிறார்கள். எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. இருந்த நாளெல்லாம் பள்ளிக்கூட வேன் ஹாரனால் தெருவையே எழுப்பி உட்கார வைத்தவள். ரிவர்ஸ் கியர் போடவே மாட்டேன் என்று அடம்பிடித்து, ஒரு வீட்டைத் தாண்டிவிட்டால் ஏரியா முழுக்கச் சுற்றிக்கொண்டு மறுபடி அதே வீட்டுக்கு வந்து நின்றவள். 'பின்னாடி போறதுக்கா பெட்ரோல் போடறேன்' என்று கேட்பாளே, அதை நினைத்து ஒரு நாள் பாத்திரம் கழுவிக்கொண்டே சிரித்தேன், அப்புறம் அழுதேன், அப்புறம் மறுபடி சிரித்தேன். உன் மாமா எட்டிப் பார்த்து, திறந்து கிடந்த குழாயை மூடிவிட்டுப் போனார்.

விஷயத்துக்கு வருகிறேன். அத்தை வேன் ஓட்டிய பள்ளிக்கூடத்தில் ஆகஸ்ட் முதல் சனிக்கிழமை அவளுக்காக ஒரு கூட்டம் வைக்கிறார்கள். அந்த வேனில் போய் வந்த பிள்ளைகள் எல்லோருக்கும், இப்போது தலை நரைத்தவர்கள் உட்பட, சொல்லி அனுப்பியிருக்கிறார்கள். குடும்பத்தின் சார்பாக நான் பேச வேண்டுமாம். தலைமையாசிரியை என் கண்ணாடிக் கடைக்கே வந்து கேட்டார், வந்த கையோடு ஒரு ஃப்ரேமும் வாங்கிப் போனார்.

ரிவர்ஸ் கியர் கதையை எல்லோரும் சொல்வார்கள். நான் யாருக்கும் தெரியாத ஒன்றைச் சொல்லப் போகிறேன். உனக்கும் தெரியாது. எனக்கு மூன்று வயதிருக்கும்போது ஒரு பெருமழை. எல்லாப் பிள்ளைகளையும் இறக்கிவிட்டு நானும் அத்தையும் மட்டும் வருகிறோம். ரயில் பாலத்தடியில் தண்ணீர் ஏறி வேன் நின்றுவிட்டது. அத்தை என்னைத் தோளில் தூக்கி வைத்துக்கொண்டு இடுப்பளவு தண்ணீரில் இறங்கினாள். எதிரே போன லாரி கிளப்பிய அலையில் அவள் மூக்குக்கண்ணாடி அடித்துக்கொண்டு போய்விட்டது. ஒன்றும் தெரியவில்லை அவளுக்கு. நான் மேலே உட்கார்ந்து 'இடது பக்கம் போங்க, அங்க குழி இருக்கு, நில்லுங்க' என்று சொல்லிச் சொல்லிக் கரையேற்றினேன். மூன்று வயதில். வீட்டில் தெரிந்தால் வேன் ஓட்ட விடமாட்டார்கள், நமக்குள்ளேயே இருக்கட்டும் என்று அத்தை சத்தியம் வாங்கியிருந்தாள். இனி அவளை யார் தடுக்கப் போகிறார்கள், அதனால் சொல்கிறேன்.

லீவு கேள். வந்து முன் வரிசையில் உட்கார்.

அக்கா

ஜூன் 15

அக்காவுக்கு,

கடிதத்தை இரண்டு முறை படித்தேன். மூன்றாவது முறை மனைவியிடம் கொடுத்துப் படிக்கச் சொன்னேன், நான்தான் தப்பாகப் படிக்கிறேனோ என்று. இல்லை, நீ எழுதியதுதான் தப்பு.

அந்தப் பிள்ளை நான்.

பாலத்தடி, லாரி, அலை, கண்ணாடி எல்லாம் சரி. தோளில் இருந்தது மட்டும் நீ இல்லை. எனக்கு அப்போது மூன்று வயது. ஒரு கையில் குடையைப் பிடித்துக்கொண்டிருந்தேன், இன்னொரு கையால் வழி காட்டினேன். அத்தை என்னிடமும் சத்தியம் வாங்கினாள். 'அன்னைக்கு நீ இல்லைன்னா நான் கரையேறியிருக்க மாட்டேன்டா, நீதான் எனக்குக் கண்ணு' என்று அவள் எத்தனை முறை சொல்லியிருப்பாள் தெரியுமா? எப்போது முதலில் சொன்னாள் என்றுகூட எனக்கு நினைவில்லை. விவரம் தெரிந்த நாளிலிருந்து அந்தக் கதை என்னிடம் இருக்கிறது. அதை நீ எங்கேயோ ஒட்டுக்கேட்டிருக்கிறாய். சின்ன வயதில் உனக்கு அந்தப் பழக்கம் உண்டு.

சண்டைக்கு எழுதவில்லை. இங்கே துறைமுகத்தில் என் கிரேனில் லிஃப்ட் பாதி உயரம்தான் போகும். அதற்கு மேல் இரும்பு ஏணி. வேலைக்குச் சேர்ந்த முதல் நாள் ஏணியில் காலை வைத்ததும் கீழே பார்த்துவிட்டேன். கப்பல் ஒரு செருப்பு அளவுக்குத் தெரிந்தது. காற்று வேறு. திரும்பி இறங்கிவிடலாம், ஊருக்கே போய்விடலாம் என்று நின்றேன். அப்போது அத்தை சொன்னதுதான் வந்தது. மூன்று வயதில் வெள்ளத்தில் அவளுக்குக் கண்ணாக இருந்தவன், இந்த ஏணிக்கா பயப்படுவேன்? ஏறினேன். இத்தனை வருஷமாகத் தினமும் முதல் படியில் கால் வைக்கும்போது அதை ஒரு முறை நினைக்காமல் ஏறியதில்லை. கேபினுக்குத் தரையே கண்ணாடிதான். காலுக்கு நடுவே கடல் தெரியும். கயிற்றில் தொங்கும் கண்டெய்னரை இடது, வலது பார்த்து இறக்கி வைக்கிறேன். அதே வேலைதான்.

உன்னிடம் எவ்வளவோ இருக்கிறது அக்கா. கடைசி வரை அத்தை கூடவே இருந்தாய். என்னிடம் இருப்பது இந்த ஒரு கதை. அதையும் மைக் முன்னால் நின்று உன்னுடையது என்று சொல்வாயானால் நான் வரவில்லை. முன் வரிசையில் உட்கார்ந்து கைதட்ட என்னால் முடியாது.

தம்பி

ஜூன் 24

தம்பிக்கு,

ஒட்டுக்கேட்டேனா? கதவிடுக்கில் காதை வைத்து நின்று, அப்புறம் அப்பாவிடம் போய் அப்படியே ஒப்பித்தது யார்? அத்தை உனக்கு 'வானொலி நிலையம்' என்று பேர் வைத்ததை மறந்துவிட்டாயா?

குடை பிடித்தானாம். இந்த ஒரு வார்த்தையிலேயே உன் கேஸ் தள்ளுபடி. அத்தை ஆயுசில் குடை பிடித்ததில்லை. மழை வந்தால் வேன் ஜன்னலை இறக்கிக் கையை வெளியே நீட்டிக்கொண்டு ஓட்டுவாள். பிள்ளைகள் நனைந்து வந்தார்கள் என்று எத்தனை அம்மாக்கள் சண்டைக்கு வந்தார்கள். நான் பிடித்துக்கொண்டிருந்தது அத்தையின் காதுகளை. இடது பக்கம் போகணும் என்றால் இடது காதை இழுப்பேன். அந்தக் காதின் குளிர்ச்சி இப்போதும் என் விரலில் இருக்கிறது. குடை பிடித்தவனுக்கு இந்த மாதிரி ஒன்று சொல்ல முடியுமா?

நீ ஏணியைச் சொன்னாய். சரி, நானும் சொல்கிறேன். எனக்கு வயிற்றில் ஆபரேஷன் நடந்ததே, அன்று தள்ளுவண்டியில் படுக்க வைத்துக் கொண்டுபோனார்கள். மேலே விளக்கு விளக்காகப் போகிறது. உன் மாமா கையை விட்டுவிட்டார், அதற்கு மேல் அவரை விடமாட்டார்கள். அப்போது நான் சாமியையும் கும்பிடவில்லை, யாரையும் நினைக்கவில்லை. பாலத்தடித் தண்ணீரை நினைத்துக்கொண்டேன். அதிலேயே வழி கண்டுபிடித்தவள் நான் என்று பல்லைக் கடித்துக்கொண்டு படுத்திருந்தேன். ஆக, உனக்கு மட்டும்தான் அது தேவைப்பட்டது என்று நினைக்காதே.

பேச்சில் அதைச் சொல்லத்தான் போகிறேன். வராமல் இருந்து பார், ஆயுசுக்கும் பேசமாட்டேன்.

அக்கா

பி.கு: அத்தை அலமாரியைச் சுத்தம் செய்தேன். புடவைகளுக்கு அடியில் ஐந்து ஹாரன்கள். வேனில் இருந்தது தேய்ந்து போனால் மாட்ட என்று வாங்கி வைத்திருக்கிறாள். ஒன்றை உனக்கு அனுப்பட்டுமா?

ஜூலை 3

அக்காவுக்கு,

ஹாரனை அனுப்பு. வீட்டில் இவளைக் கூப்பிட ஆகும்.

ஆபரேஷன் அன்று நீ பயந்தாய் என்பதே எனக்கு இப்போதுதான் தெரியும். நீ பயப்படவே மாட்டாய் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அந்தப் பத்தியைப் படித்த பிறகு முன்னைப் போல முறைக்க முடியவில்லை. அதற்காகத் தோளில் இருந்த பிள்ளையை விட்டுக்கொடுத்துவிட்டேன் என்று அர்த்தமில்லை.

ஒரு ஏற்பாடு சொல்கிறேன். 'ஒரு பிள்ளை' என்று மட்டும் சொல், யாரென்று சொல்லாதே. அது நீதான் என்று நீ நினைத்துக்கொள், நான்தான் என்று நான் நினைத்துக்கொள்கிறேன். இல்லையென்றால் இரண்டு தோளுக்கு இரண்டு பேர் என்று வைத்துக்கொள்ளலாம். அத்தை இரண்டு பேரையும் தாங்கியிருப்பாள். பஞ்சரான டயரைத் தனியாகத் தூக்கி மாட்டியவள்தானே.

அப்படியும் உனக்குச் சரிப்படாது என்றால் ஒரு வழி இருக்கிறது. ஊருக்கெல்லாம் கண் சோதித்துக் கண்ணாடி போட்டுக் கொடுக்கிறாய். அத்தைக்கும் நீதானே செய்து கொடுத்தாய். தண்ணீரில் போன அந்தக் கண்ணாடி எவ்வளவு பவர் இருந்திருக்கும் என்று கண்டுபிடி. கொஞ்சம் பவர் என்றால் அவளுக்கே பாதி தெரிந்திருக்கும், மூன்று வயதுப் பிள்ளை சும்மா இரண்டு வார்த்தை சொன்னால் போதும், அது நீயாகவே இருந்துவிட்டுப் போ. அதிக பவர் என்றால் குழியெல்லாம் பார்த்து விவரமாகச் சொல்லக்கூடிய பிள்ளை வேண்டும். அது யார் என்று நான் சொல்லத் தேவையில்லை.

லீவு கிடைத்துவிட்டது. டிக்கெட் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

தம்பி

ஜூலை 12

தம்பிக்கு,

எப்படி எழுதுவது என்று தெரியவில்லை. நேற்று கடையில் கண்ணில் மருந்து விட்டு உட்கார வைத்திருந்த ஒரு பெரியவர், நான் தனியாகச் சிரிப்பதைக் கேட்டுப் பயந்துபோய்த் தட்டுத்தடுமாறி எழுந்துவிட்டார். அவரைப் பிடித்து உட்கார வைத்துவிட்டு மறுபடி சிரித்தேன்.

நீ சொன்ன பவரைத்தான் யோசித்துக்கொண்டிருந்தேன். அத்தைக்கு நான் செய்து கொடுத்தது எல்லாமே படிக்கிற கண்ணாடி. வயசானால் எல்லோருக்கும் கிட்டத்தில் மங்குமே, அதற்கு. பேப்பர் படிக்க, ஊசி கோர்க்க. கழற்றிவிட்டுத்தான் வண்டி ஓட்டுவாள். எட்டத்துப் பார்வைக்கு அவளுக்குக் கண்ணாடி தேவைப்பட்டதே இல்லை. கடையில் சுவரில் எழுத்துப் பலகை இருக்கிறதே, அதில் கடைசி வரியைப் படித்துவிட்டு, அதற்கும் கீழே பொடியாக அச்சடித்திருக்கும் கம்பெனி விலாசத்தையும் படித்தாள். 'இதையும் படிக்கணுமா, இல்ல இது உனக்கா' என்று கேட்டாள். அதை நானே எத்தனை பேரிடம் சொல்லிப் பெருமைப்பட்டிருக்கிறேன்.

அப்படியென்றால் நமக்கு மூன்று வயதாக இருந்தபோது, அத்தை இளமையாக இருந்தபோது, அவள் மூக்கில் கண்ணாடியே கிடையாது. பழைய போட்டோக்களை எடுத்துப் பார்த்தேன். ஒன்றிலும் இல்லை. நான் சின்னவளாக இருக்கும்போது ஒரு தடவை கேட்டிருக்கிறேன், உங்க கண்ணாடி எங்கே அத்தை என்று. 'அன்னைக்குத் தண்ணில போனதுதான், அப்புறம் வாங்கவே இல்ல' என்றாள். நானும் தலையாட்டினேன். கண் தெரியாதவள் கண்ணாடி வாங்காமல் எப்படிப் பள்ளிக்கூட வேன் ஓட்டினாள்? இதே தொழிலில் இருக்கிறவள் நான். அவள் கண்ணில் டார்ச் அடித்துப் பார்த்தவள். எனக்கு இத்தனை வருஷமாக உறைக்கவில்லையே.

தண்ணீரில் கண்ணாடி போகவில்லை. அப்புறம் எதற்கு ஒரு பிள்ளை வழி சொல்ல வேண்டும்? வெள்ளமே வந்ததா என்று சந்தேகமாக இருக்கிறது. அந்தப் பாலத்தடி மேட்டில் இருக்கிறது, அங்கே தண்ணீர் நின்று நான் பார்த்ததே இல்லை. உன்னையும் ஏமாற்றியிருக்கிறாள், என்னையும் ஏமாற்றியிருக்கிறாள். இரண்டு பேரையும் தனித்தனியாக வாயடைத்தும் வைத்திருக்கிறாள். என்ன ஒரு கெட்டிக்காரி பார்.

நான் அத்தை காதைப் பிடித்திருந்தேன் என்று சொன்னேனே. சத்தியமாக அந்தக் குளிர்ச்சி எனக்கு நினைவிருந்தது.

அக்கா

ஜூலை 22

அக்காவுக்கு,

நீ நிரூபித்துவிட்டாய். சந்தோஷமாக இரு.

நான் கேட்டது பவர். கண்ணாடியே கிடையாது என்பதை நீ எழுதாமலே விட்டிருக்கலாம். தெரியவில்லை என்று ஒரு வரி போட்டிருக்கலாம்.

உன் கடிதம் வந்த மறுநாள் லிஃப்டை விட்டு இறங்கி ஏணியில் கை வைத்தேன். வழக்கம் போல நினைக்கப் பார்த்தேன். நினைக்க ஒன்றுமில்லை. நாலைந்து படி ஏறினேன், கீழே பார்த்தேன், அதோடு சரி. கையை எடுக்க முடியவில்லை. மேற்பார்வையாளர் ஆள் அனுப்பி என்னை ஒவ்வொரு படியாக இறக்கினார். அதற்கப்புறம் இரண்டு முறை முயற்சி செய்து பார்த்துவிட்டேன், அதே கதைதான். இப்போது கீழே இருக்கிறேன், கண்டெய்னர் மூலைகளில் பூட்டு மாட்டிக் கழற்றுகிற வேலை. கேலி செய்யாமல் எல்லோரும் நன்றாக நடந்துகொள்கிறார்கள், அதுதான் இன்னும் கஷ்டமாக இருக்கிறது. ஆகஸ்ட் முடிவதற்குள் ஏறாவிட்டால் நிரந்தரமாகக் கீழேதான் என்று சொல்லிவிட்டார்கள். லீவையும் ரத்து செய்துவிட்டேன். இந்த நிலையில் விட்டுவிட்டு வர முடியாது. வந்தாலும் அங்கே என்ன சொல்வேன்?

அத்தை மேல் கோபமில்லை. வேடிக்கையாகச் சொல்லியிருப்பாள், நான்தான் அதைப் பிடித்துக்கொண்டு இவ்வளவு உயரம் ஏறியிருக்கிறேன்.

தம்பி

ஆகஸ்ட் 6

தம்பிக்கு,

உன் கடிதம் கூட்டத்துக்கு முன்தினம் வந்தது. படித்துவிட்டு மேடைக்கு எழுதி வைத்திருந்த பேச்சைக் கிழித்துப் போட்டேன். வெள்ளக் கதையை எடுக்கவே கூடாது என்று முடிவு செய்துவிட்டுத்தான் போனேன். என்ன நடந்தது என்பதைப் பொறுமையாகப் படி. நடுவில் எழுந்து போகாதே.

பள்ளிக்கூடத்தின் பெரிய கூடம். மடக்கு நாற்காலி போதாமல் பெஞ்சுகளை இழுத்துப் போட்டார்கள். அப்படியும் சுவரோரம் நின்றார்கள். நம் வேனில் இத்தனை பேரா ஏறினார்கள் என்று மலைத்துப்போனேன். மைக் ஒரே கீச்சு. தலைமையாசிரியை பேசினார், அப்புறம் வந்தவர்கள் ஒவ்வொருவராகப் பேசினார்கள். நான் சொன்ன மாதிரியே எல்லோரும் ரிவர்ஸ் கியர்தான். ஒருத்தர், வேன் அவர் வீட்டைத் தாண்டிப் போய்விட்டுச் சுற்றி வருவதற்குள் தினமும் இன்னொரு தோசை சாப்பிட்டுவிட்டு வருவேன் என்றார். ஒரு அம்மா ஹாரன் சத்தத்தை வாயாலேயே அடித்துக் காட்டினார். கூடம் முழுக்கச் சிரிப்பு.

என் முறை வந்தது. சொல்ல வைத்திருந்த எல்லாவற்றையும் மற்றவர்கள் சொல்லி முடித்துவிட்டார்கள். மைக்கைப் பிடித்துக்கொண்டு திருதிருவென்று விழிக்கிறேன். வேறு வழியில்லாமல் ஆரம்பித்தேன். ஒரு மழை நாள், ரயில் பாலத்தடி, வேன் நின்றுவிட்டது, அத்தை ஒரு பிள்ளையைத் தோளில் தூக்கிக்கொண்டாள். நீ கேட்டபடியே ஒரு பிள்ளை என்றுதான் சொன்னேன். லாரி வந்தது, கண்ணாடி போயிற்று என்று சொல்லும்போது மூன்றாவது வரிசையில் தாடி வைத்த ஒருத்தர் எழுந்து நின்றுவிட்டார். கண்ணெல்லாம் கலங்கியிருந்தது. 'அது நான்தாங்க' என்றார்.

அவர் பின்னாலேயே ஒரு டாக்டர் அம்மா எழுந்தார். 'தப்பா எடுத்துக்காதீங்க, அது நான்' என்றார். அப்புறம் சுவரோரம் நின்ற ஒரு போலீஸ்காரர் கையைத் தூக்கினார். அப்புறம் ஜன்னல் பக்கம் இரண்டு பேர். கூடத்தில் ஒரே சலசலப்பு. இரட்டைப் பிள்ளைகள் இரண்டு பேர் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார்கள், இப்போது வழுக்கை விழுந்துவிட்டது. ஒரே நேரத்தில் எழுந்தார்கள். எழுந்துவிட்டு ஒருத்தரை ஒருத்தர் பார்த்துக்கொண்டார்கள். அந்த முகங்களை நீ பார்த்திருக்க வேண்டும். அதற்கு மேல் கூட்டத்தை யாரும் அடக்க முடியவில்லை. ஒரு பெருத்த பேக்கரிக்காரர் எழுந்ததும், உங்களையா தோளில் தூக்கினார்கள் என்று யாரோ கேட்க, அப்ப நான் ஒல்லிங்க என்று அவர் சண்டைக்கே போய்விட்டார். கடைசியில் பார்த்தால் உட்கார்ந்திருந்தவர்களை எண்ணுவது சுலபமாக இருந்தது. தலைமையாசிரியையே நின்றுகொண்டிருந்தார். அவரும் அந்தப் பள்ளிக்கூடத்திலேயே படித்தவராம், நான் மறந்துபோயிருந்தேன்.

எல்லோரிடமும் சத்தியம் வாங்கியிருக்கிறாள். அத்தனை பேரும் வாயைத் திறக்காமல் இருந்திருக்கிறார்கள். அப்புறம் எப்போது சொன்னாள் என்று ஆளாளுக்குச் சொல்ல ஆரம்பித்தார்கள். தாடிக்காரருக்கு அம்மா ஆஸ்பத்திரியில் இருந்த வாரம். டாக்டர் அம்மாவுக்குத் திக்குவாய், மேடையில் பேசச் சொன்ன அன்று. இரட்டையரில் ஒருத்தருக்கு ஃபெயிலான அன்று, இன்னொருத்தருக்குப் பாஸான அன்று, தனியாக மேல் வகுப்புக்குப் போகப் பயந்தாராம். எனக்கும் அப்போதுதான் நினைவுக்கு வந்தது, பள்ளி மாறிய வருஷம் சொன்னாள். பயந்து நின்ற பிள்ளைகளுக்கெல்லாம் பார்த்துப் பார்த்துக் கொடுத்திருக்கிறாள். யாரும் ஏமாந்துவிட்டோம் என்று வருத்தப்படவில்லை தம்பி. அழுதுகொண்டே சிரித்தார்கள். வாசலில் கட்டிப்பிடித்துக்கொண்டு கிளம்பினார்கள். எனக்கு அத்தையைப் பறிகொடுத்த துக்கம் அன்றுதான் லேசானது.

இனிதான் உனக்குச் சொல்ல வேண்டியது. நாற்காலிகளை மடக்கிக்கொண்டிருக்கும்போது வேனில் பிள்ளைகளை ஏற்றி இறக்கும் ஆயா என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். தம்பி வரலையா என்று கேட்டார். வரவில்லை என்றேன். அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்.

'அந்தக் கதை முதல்ல கிடையாதும்மா. உன் தம்பி முதல் நாள் பள்ளிக்கூடம் போகணும், வேன் கதவைப் பிடிச்சுக்கிட்டு ஏறவே மாட்டேன்னு நிக்கறான். எல்லாப் பிள்ளைங்களும் பாக்குது. உங்க அத்தை வண்டியை நிறுத்திட்டு இறங்கி வந்து, அவன் முன்னாடி உக்காந்து, அங்கேயே அந்தக் கதையைக் கட்டினாங்க. நான் பக்கத்துல நின்னு கேட்டேன். அவன் கேட்டுட்டு மூக்கைத் துடைச்சுக்கிட்டு ஏறிட்டான். அது பலிச்சிருச்சுன்னுதான் அப்புறம் மத்த பிள்ளைங்களுக்கும் சொல்ல ஆரம்பிச்சாங்க.'

புரிகிறதா? அந்தக் கதை உனக்காகச் செய்தது. நாங்கள் எல்லோரும், டாக்டரும் போலீஸ்காரரும் நானும், உனக்கு அளவெடுத்துத் தைத்த சட்டையைத்தான் இத்தனை வருஷமாகப் போட்டுக்கொண்டு திரிந்திருக்கிறோம். மூத்தவள் நான், உன் பழசைப் போட்டிருக்கிறேன். இதை எழுதும்போது எனக்கு எவ்வளவு எரிச்சலாக இருக்கிறது என்று நீ கற்பனை செய்துகொள்.

போய் ஏறு.

அக்கா

ஆகஸ்ட் 17

அக்காவுக்கு,

இதைக் கேபினில் உட்கார்ந்து எழுதுகிறேன். முழங்கால் மேல் பேப்பர், காலுக்குக் கீழே கடல். அடுத்த கப்பல் இன்னும் கரைக்கு வரவில்லை.

உன் கடிதத்தை இவளைப் படிக்கச் சொன்னேன், நான் சாப்பிடும்போது சத்தமாகப் படித்தாள். இரட்டையர் எழுந்து நின்ற இடத்தில் எனக்குப் புரையேறிவிட்டது. பேக்கரிக்காரர் சண்டைக்குப் போனதை மறுபடி படிக்கச் சொன்னேன். கடைசியில் ஆயா சொன்னதை அவள் படித்து முடித்ததும் நான் எழுந்து கை கழுவப் போய்விட்டேன். அத்தனை பிள்ளைகளில் எனக்காக வண்டியை நிறுத்தி, எனக்காக உட்கார்ந்து யோசித்துக் கட்டியிருக்கிறாள்.

மறுநாள் காலை மேற்பார்வையாளரிடம் போய் ஏறுகிறேன் என்றேன். அவர் ஏணிக்கு அடியில் வந்து நின்றார். வெள்ளத்தை நினைக்கவில்லை. வேன் கதவைப் பிடித்துக்கொண்டு மூக்கை உறிஞ்சி நிற்கிற என்னையும், எதிரே உட்கார்ந்து பொய் தேடுகிற அத்தையையும் நினைத்தேன். சிரிப்பு வந்தது. சிரித்துக்கொண்டே ஏறினேன். கேபினுக்கு வந்து கதவைச் சாத்தி, சீட்டில் உட்கார்ந்து, பெல்ட்டைப் போட்டேன்.

பெல்ட்டைப் போட்ட பிறகுதான் எனக்கு ஒன்று உறைத்தது. அந்த ஆயா வேனில் வேலைக்குச் சேர்ந்தது நான் ஒன்பதாவது படிக்கும்போது. அதற்கு முன் ஆயாவே கிடையாது. பெரிய வகுப்புப் பிள்ளைகள்தான் கதவைத் திறந்து மூடுவார்கள். நான் முதல் நாள் பள்ளிக்கூடம் போனதை அவர் பார்த்திருக்கவே முடியாது.

ஆக, வேன் கதவைப் பிடித்துக்கொண்டு நின்ற பிள்ளையும் நீ கட்டியது, அத்தை உட்கார்ந்ததும் நீ கட்டியது. கூட்டத்தில் எழுந்து நின்றவர்களை நம்புகிறேன், அதெல்லாம் உனக்குக் கற்பனை செய்ய வராது. ஆனால் இது உன் கைவேலை. இல்லை என்று சொல்லாதே, ஆமாம் என்றும் சொல்லாதே. நான் கேட்கவில்லை.

நியாயமாகப் பார்த்தால் அந்த நிமிஷமே எனக்குக் கால் நடுங்கியிருக்க வேண்டும். பிடித்துக்கொண்டு ஏறியது இந்தத் தடவையும் பொய் என்று தெரிந்துவிட்டதே. கண்ணாடித் தரை வழியாக நன்றாகக் கீழே பார்த்தேன், கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே இருந்தேன். ஒன்றும் ஆகவில்லை. எங்கோ கடைக்குள் உட்கார்ந்துகொண்டு, தனக்கு வராத பொய்யை எனக்காகத் திக்கித் திணறி எழுதியிருக்கிறாயே என்றுதான் நினைப்பு ஓடியது. உன் பழசைப் போட்டிருக்கிறேன் என்று வேறு எழுதினாய். அதை எழுத உனக்கு எவ்வளவு மனசு வேண்டும் என்று எனக்குத் தெரியும். முதல் கண்டெய்னரைத் தூக்கினேன், லாரி மேல் இறக்கி வைத்தேன். அன்று மாலை வரை இறங்கவில்லை.

அடுத்த மாதம் வருகிறேன், லீவு கேட்டிருக்கிறேன். அதற்குள் எங்கேயாவது எனக்குக் கால் நடுங்கினால் உனக்குத்தான் எழுதுவேன் அக்கா. இன்னொரு பொய்யை யோசித்து வை.

தம்பி